மழுங்கிய உளி: மூக்குச் சீரமைப்பு அறுவையில் எலும்பு வெட்டும் கருவியின் கூர்மை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இருசக்கர வாகன விபத்தில் மூக்கு அடிபட்ட 26 வயது இளைஞர் ஒருவர், விபத்து நடந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் உள்ள ஒரு போதனா மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்தார். விபத்தன்று தலைக்காயத்துக்கு மட்டும் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருந்த அவர், வீக்கம் வடிந்த பிறகுதான் மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறார். முறிந்த மூக்கெலும்பை வெட்டாமல் தூக்கி நேராக்குவதற்குப் பெரியவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு வாரங்கள் அளவே என்பதால், அவர் எங்களிடம் வந்தபோது அந்த வழி அடைபட்டிருந்தது. கோணலாகக் கூடிய எலும்பைத் திட்டமிட்டு மறுபடி வெட்டி நகர்த்துவது ஒன்றே மீதமிருந்தது.

மூக்கின் எலும்புப் பகுதி வலப்புறம் சாய்ந்து, மூக்கின் முதுகுக்கோட்டில் ஒரு மேடும் இருந்தது. இரு துவாரங்களையும் பிரிக்கும் இடைச்சுவர் இடப்பக்கம் வளைந்து, அதன் அடியில் மேல்தாடை எலும்பின் முகட்டோடு சேர்ந்து ஒரு கூரிய முள்போல நீட்டிக்கொண்டிருந்ததால் இடது துவாரத்தில் மூச்சு ஏறக்குறைய நின்றிருந்தது. மூக்கு வலப்புறம் சாய்ந்தால் இடது பக்கச்சுவர் நீண்டு படுத்த நிலையிலும் வலது பக்கச்சுவர் குறுகிச் செங்குத்தாகவும் அமையும். ஆகவே இடது எலும்பை உள்நோக்கியும் வலது எலும்பை வெளிநோக்கியும் நகர்த்த வேண்டும். அதற்கு இரண்டும் அடியோடு விடுபட வேண்டும். இடைச்சுவரைச் சரிசெய்வது, மேட்டை நீக்குவது, நடுவெட்டு (மூக்கெலும்பை நடுக்கோட்டை ஒட்டிப் பிரித்தல்), இறுதியாக இருபுறமும் பக்கவெட்டு (கன்னத்தை ஒட்டிய பக்கத்தில் எலும்பை வெட்டுதல்) என்று வழக்கமான வரிசையில் திட்டம் வகுக்கப்பட்டது. இரத்தமும் வீக்கமும் அதிகம் தருவது பக்கவெட்டுதான் என்பதால் அது எப்போதும் கடைசியில் வைக்கப்படுகிறது.

பக்கவெட்டில் விளிம்பு செய்யும் இரட்டை வேலை

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள, பக்கவெட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கின் எலும்புத் திறப்பின் ஓரத்தில், அடியில் ஒரு சிறு முக்கோண எலும்பை விட்டுவிட்டு வெட்டு தொடங்குகிறது. அந்த முக்கோணத்தையும் சேர்த்து உள்ளே தள்ளினால் மூச்சுப்பாதை குறுகிவிடும். அங்கிருந்து மேல்தாடை எலும்பின் மேல்நோக்கிய கிளை வழியாக ஏறி, கண்ணின் உள்முனை மட்டத்தில் உள்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். வெட்டுப் பாதையில் எலும்பின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. அளவே. ஆனால் மூக்கின் வேர்ப்பகுதியை நெருங்க நெருங்க எலும்பு தடித்து இறுகுகிறது. வெட்டு அந்தத் தடித்த பகுதிக்குள் ஓடிவிட்டால், பிறகு எலும்பின் அடிப்பகுதியை உள்ளே அழுத்தும்போது மேற்பகுதி வெளியே துருத்திக்கொண்டு வரும்.

தோலுக்கடியில் நடக்கும் இவ்வேலையில் உளியின் விளிம்பு மருத்துவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. உளியின் ஒரு ஓரத்தில் இருக்கும் சிறு குமிழ்போன்ற காப்பை அவர் மறுகையின் விரலால் தோலின் மேலிருந்து உணர்ந்துகொண்டே போகிறார். சுத்தியல் விழும் ஓசை எலும்பு தடிக்கும் இடத்தில் கனத்து மாறுவதைக் கேட்கிறார். கைப்பிடியில் உணரும் எதிர்ப்பைக் கொண்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணிக்கிறார். ஆக, விளிம்பு வெட்டும் கருவியாக மட்டுமன்றி, எலும்பைப் பற்றிய செய்தியைக் கைக்குக் கொண்டுவரும் கருவியாகவும் இருக்கிறது. கூர் மழுங்கினால் அதிக விசை தேவைப்படும் என்பதை எல்லோரும் அறிவர். அதைவிடப் பெரிய கேடு, மழுங்கிய விளிம்பு தரும் எதிர்ப்பு எலும்பின் தடிமனால் வந்ததா, உளியின் நிலையால் வந்ததா என்று கைக்குத் தெரியாமல் போவதுதான் என்பதை இந்த நிகழ்வு எங்களுக்குக் காட்டியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் மூக்குச் சீரமைப்பு அறுவையை வளர்த்தெடுத்த ஜாக் ஜோசஃப் போன்றோர் இந்தப் பக்கவெட்டுக்கு ரம்பங்களைப் பயன்படுத்தினர். ரம்பம் நுழைய மென்திசுவை அகலமாகப் பிரிக்க வேண்டியிருந்ததும், எலும்புத்தூள் காயத்தில் தங்கியதும், பின்னர் குறுகிய உளிகள் அந்த இடத்தைப் பிடிக்கக் காரணமாயின. குறுகிய உளியின் நன்மை முழுவதும் அதன் கூர்மையைச் சார்ந்தே இருக்கிறது.

அரங்கில் கவனித்தவை

அறுவைக்கு முன் கருவித் தட்டு வழக்கப்படி சரிபார்க்கப்பட்டது. கருவிகளின் எண்ணிக்கை பட்டியலோடு ஒத்தது; கிருமிநீக்க டேப்பின் கோடுகள் நிறம் மாறியிருந்தன. மேட்டை வெட்டும் அகன்ற உளி ஒன்று, 4 மி.மீ. நேர் உளி ஒன்று, இடத்துக்கும் வலத்துக்குமாகக் காப்பு வைத்த 4 மி.மீ. வளைந்த உளிகள் இரண்டு, அரம், சுத்தியல் ஆகியவை தட்டில் இருந்தன. விளிம்புகளை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எந்தப் பட்டியலிலும் எழுதப்படவும் இல்லை.

முழு மயக்கத்தில், 1 லட்சத்தில் 1 பங்கு அட்ரினலின் கலந்த சைலோகேன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்திக் காத்திருந்து, திறந்த முறையில் அறுவை தொடங்கியது. இடைச்சுவர் வேலை எளிதாகவே முடிந்தது. அடியிலிருந்த எலும்பு முள்ளை 4 மி.மீ. நேர் உளியால் எடுத்தபோது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தட்ட நேர்ந்தாலும், அது கெட்டி எலும்பு என்பதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. மேட்டை அகன்ற உளி சுத்தமாக வெட்டியது.

இடது பக்கவெட்டில்தான் முதல் அறிகுறி தெரிந்தது. திறப்பின் ஓரத்தில் வைத்த வளைந்த உளி எலும்பைக் கவ்வாமல் மேல்நோக்கி வழுக்கியது. வழக்கமாக இரண்டு சிறு தட்டுகளில் முதலாவது உளியை எலும்பில் பதிக்கும், இரண்டாவது முன்னே நகர்த்தும். இங்கே இரண்டு தட்டுக்கும் உளி பதியவே இல்லை. சுத்தியலைப் பிடித்திருந்த முதுநிலை மாணவர் விசையைக் கூட்டினார். ஓசை தொடக்கத்திலிருந்தே கனத்துக் கேட்டது, வேர்ப்பகுதியை எட்டிவிட்டதைப்போல. ஆனால் விரல் காப்பை உணர்ந்த இடமோ பாதி வழிகூட வரவில்லை. ஓசை ஒன்று சொல்ல, விரல் வேறொன்று சொன்னது. அடுத்த தட்டுகளில் எதிர்ப்பு திடீரென விட்டுப்போய், தோலுக்கடியில் ஒரு படி தட்டுப்பட்டது. இடது துவாரத்தில் புதிய இரத்தம் கசிந்தது. தலைமை மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார்.

உளியை வெளியே எடுத்து, துடைத்து, அறுவை விளக்கின் நேர்க்கீழே விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். நன்கு கூரான விளிம்புக்கு ஒளியைத் திருப்பிக் காட்டும் அளவுக்குப் பரப்பு இருக்காது. இந்த விளிம்பிலோ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மினுங்கியது. காப்பை ஒட்டிய மூலையில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பல்லும் விழுந்திருந்தது. மேசையில் இருந்த கிருமிநீக்கிய சிரிஞ்சின் பிளாஸ்டிக் உடலில் விளிம்பைச் சாய்த்து வைத்து மெல்லத் தள்ளினார். கூரான உளி பிளாஸ்டிக்கைக் கவ்வி ஒரு சுருளைச் சீவ வேண்டும். இது கண்ணாடியில் ஓடுவதுபோல வழுக்கிச் சென்றது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, அந்த உளியை மேற்கொண்டு பயன்படுத்துவதில்லை என்பது. வலப்புறத்துக்கான இணை உளியையும் விளக்கில் பார்த்தபோது, பல் இல்லையே தவிர அதே வெள்ளைக் கோடு இருந்தது. வலது எலும்பு இன்னும் தொடப்படாமல் இருந்ததால், அங்கே அதே தவறான விசையைச் செலுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அடுத்து, அறுவையை அந்த அளவில் நிறுத்திவிட்டு வலப்பக்கத்தை வேறொரு நாளுக்குத் தள்ளுவதா என்பது பேசப்பட்டது. ஒருபக்கம் மட்டும் முறிந்த மூக்கு மீண்டும் கோணலாகவே கூடும். இரண்டாவது அறுவை தழும்புத் திசுவின் வழியாகப் போக வேண்டியிருக்கும். ஆகவே அந்த யோசனை கைவிடப்பட்டது. பல் மற்றும் முகச்சீரமைப்புப் பிரிவின் அரங்கில் 2 மி.மீ. நேர் உளி கிருமிநீக்கிய உறையில் இருப்பது தெரிந்திருந்தது. அது வந்து சேரும் வரை அட்ரினலின் நனைத்த துணியால் அழுத்தம் கொடுத்துக் காத்திருக்க, மயக்கவியல் மருத்துவரும் நோயாளியின் நிலை சீராக இருக்கிறது என்று ஒப்புதல் தந்தார். அறுவையின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எந்தக் குழுவுக்கும் எளிதல்ல. அன்று நடந்தவற்றுள் நோயாளிக்கு மிகவும் பயன்பட்டது அந்தக் காத்திருப்புதான் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவதாக, முறையே மாற்றப்பட்டது. மூக்கும் கன்னமும் சேரும் பள்ளத்தில் தோலில் சிறு குத்துத் துளையிட்டு, அங்குள்ள இரத்தக்குழாயை உளியின் முனையால் மெல்ல ஒதுக்கி, எலும்பில் ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளிகளில் வரிசையாகத் துளைகள் இடும் முறையைத் தேர்ந்தார்கள். தொடர்ந்த வெட்டைப் போலன்றி, துளைகளுக்கு இடையே எலும்புச் சவ்வு அறுபடாமல் நின்று எலும்பைத் தாங்கும். இடப்புறம் ஏற்கெனவே ஒரு துண்டு தளர்ந்துவிட்ட நிலையில், அதற்கு மிச்சமிருந்த சவ்வின் பிடியைக் காப்பது முதன்மையாக இருந்தது. மேலும் 2 மி.மீ. விளிம்பில் விசை குறுகிய அகலத்தில் குவிவதால், மென்மையான தட்டே போதும். இடப்புறத்தில் விட்டுப்போன மேற்பகுதியைத் துளைகளால் இணைத்தார்கள்; வலப்புறம் முழுவதையும் இம்முறையிலேயே முடித்தார்கள். பிறகு விரல் அழுத்தத்தில் இரு எலும்புகளும் நகர்ந்தன.

தளர்ந்த துண்டை எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் வந்தது. எடுத்தால் அங்கே பள்ளம் விழும் என்பதால் அதை அதன் இடத்திலேயே பொருத்தி, உள்ளிருந்து தாங்கும்படி இடது துவாரத்தில் பேக் வைத்து, வெளியே பிளாஸ்டர் அச்சு போடப்பட்டது. கிழிந்த உட்சவ்வின்மேல் மெல்லிய சிலிகோன் தகடு வைக்கப்பட்டது. மூளையைச் சூழ்ந்த தெளிந்த நீர் எதுவும் மூக்கு வழியே வடியவில்லை என்பது உறுதிசெய்யப்பட்டது.

நோயாளியின் நிலை

அன்று மாலையே அவரிடமும் அவருடைய தந்தையிடமும், இடப்பக்க எலும்பு திட்டமிட்ட கோட்டில் உடையவில்லை என்பதும், அதற்குக் கருவியின் கூர் குறைந்திருந்தது காரணம் என்பதும், அதை எப்படிச் சமாளித்தோம் என்பதும் தலைமை மருத்துவரால் நேரடியாகச் சொல்லப்பட்டன. தந்தை கேட்ட முதல் கேள்வி, "இனி வர்றவங்களுக்கும் இதே கருவிதானா டாக்டர்?" என்பதுதான். இல்லை என்ற பதில் அன்றே தரப்பட்டது. அந்தக் கருவிகள் அதற்குள் தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

முதல் மூன்று நாட்கள் இடக்கண் திறக்க இயலாத அளவுக்கு வீங்கியிருந்தது. வலப்புறம் வீக்கமும் இரத்தக் கட்டும் கண்கூடாகக் குறைவு. ஒரே நோயாளியில், ஒரே நாளில், இரு கருவிகள் விட்டுச் சென்ற வேறுபாடு இருபுறமும் அருகருகே தெரிந்தது. பேக் 48 மணி நேரத்துக்குப் பிறகும், பிளாஸ்டர் 7ஆம் நாளும் எடுக்கப்பட்டன. மூன்றாம் மாதத்தில் மூக்கு நேராக இருந்தது. மூச்சு இருபுறமும் சீராக வந்தது. இடப்புறம் விரலால் தடவினால் ஒரு சிறு படி தட்டுப்பட்டது.

உளியின் வரலாற்றைத் தேடியபோது

அறுவை முடிந்த மறுநாளே விசாரணை தொடங்கியது. முதலில் கிடைத்த தகவல் எங்களைக் குழப்பியது. அரங்கின் மூத்த செவிலியர், "சார், இந்த செட் நாலு மாசம் முன்னாடிதான் சாணை பிடிச்சு வந்துச்சு" என்றார். ரசீதும் அதையே சொன்னது. புதிதாகச் சாணை பிடித்த கருவி எப்படி இவ்வளவு விரைவில் மழுங்கியது?

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தபோது விடை கிடைத்தது. இரு வளைந்த உளிகளிலும் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் நீலம் பாரித்த ஒரு பட்டை இருந்தது. மின்சாரச் சாணைச் சக்கரத்தில் இடைவிடாமல் வைத்துத் தேய்த்தபோது மெல்லிய முனை பல நூறு டிகிரிக்குச் சூடேறியதன் அடையாளம் அது. இத்தகைய உளிகள், கடினமாக்கிப் பதம் ஏற்றிய குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் 134 டிகிரி செல்சியஸ் அந்தப் பதத்தைத் தொடுவதில்லை, ஆனால் சாணைச் சக்கரத்தின் வெப்பம் அதை அழித்துவிடும். சாணை பிடித்த அன்று உளி கூராகவே வந்திருக்கும்; பதம் போன எஃகால் அந்தக் கூரைத் தாங்க இயலவில்லை. அருகிலிருந்த பொறியியல் கல்லூரி ஒன்றின் உலோகவியல் ஆய்வகத்தில் சோதித்தபோது, முனையின் கடினத்தன்மை தண்டைவிடக் குறைவாக இருந்தது உறுதியானது. மேட்டை வெட்டும் அகன்ற உளி அந்தமுறை சாணைக்கே அனுப்பப்படவில்லை. அது அன்று சுத்தமாக வெட்டியதற்கு அதுவே காரணம்.

சாணை பிடித்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளிம்பின் கோணம் என்ன, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்க வேண்டுமா என்பது பற்றி அவருக்கு எழுத்தாகவோ வாய்மொழியாகவோ எதுவும் சொல்லப்படவில்லை. கத்தரிக்கோல்கள், ரிட்ராக்டர் பழுது ஆகியவற்றோடு ஒரே பையில், ஒரே ரசீதில் போன கருவிகள் அவை.

மற்றவையும் வெளிவந்தன. பதிவேட்டில் 'மூக்கு செட்' என்ற பெயர் மட்டுமே இருந்ததால், எந்த உளி எத்தனை அறுவைகளில் பயன்பட்டது என்று யாராலும் சொல்ல இயலவில்லை. இடைச்சுவர் அடியிலுள்ள கெட்டி எலும்பை வெட்ட, கைக்கு எது அகப்பட்டதோ அந்த உளியைப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தது. காப்பை ஒட்டிய பல் அப்படி விழுந்திருக்கலாம். அறுவை முடிந்ததும் கருவிகள் நார்மல் சலைன் எனும் உப்புநீரில் ஊறப்போடப்பட்டன. உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் அரித்து நுண்குழிகளை உண்டாக்கும்; அந்த அரிப்பு முதலில் பாதிப்பது மிக மெல்லிய இடமான விளிம்பைத்தான். கழுவும் இடத்துக்குப் போகும்போது உளிகளும் சுத்தியலும் ஒரே கிட்னி ட்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

செய்த மாற்றங்கள்

ஒவ்வொரு உளியின் கைப்பிடியிலும், விளிம்பிலிருந்து தள்ளி, ஓர் எண் பொறிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை திறக்கப்பட்டது. காப்பு வைத்த வளைந்த உளிகள் பக்கவெட்டைத் தவிர வேறு எந்த எலும்பையும் தொடக்கூடாது என்றும், இடைச்சுவர் வேலைக்குத் தனி உளி என்றும் பிரிக்கப்பட்டன. பயன்படுத்தியவுடன் காய்ச்சி வடித்த நீர் நனைத்த துணியால் துடைத்து, விளிம்புக்கு சிலிகோன் உறை மாட்டி, மற்றவற்றோடு மோதாமல் அனுப்பப்படுகின்றன.

கிருமிநீக்கப் பிரிவில் பொதி கட்டுவதற்கு முன் லென்ஸில் விளிம்பைப் பார்த்து, பிளாஸ்டிக் கம்பியில் சீவிப் பார்த்து, சோதித்தவர் அட்டையில் கையெழுத்திடுகிறார். அரங்கிலும் ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்பான அறுவைப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முந்தைய நிறுத்தத்தில் செவிலியர் கிருமிநீக்கத்தையும் கருவிகளில் குறை உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். மூக்கெலும்பு வெட்டும் அறுவைகளில் அந்த இடத்திலேயே, உளிகளை விளக்கின்கீழ்த் திருப்பி வெள்ளைக் கோடு இல்லை என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்வது வழக்கமாக்கப்பட்டது. அரை நிமிடம்கூட ஆவதில்லை.

சாணையில் இனி மின்சாரச் சக்கரம் இல்லை. அரங்கத் தொழில்நுட்பர் ஒருவர் எண்ணெய் தடவிய அர்கான்சா எனும் இயற்கைத் தீட்டுக்கல்லில், விளிம்பின் மூலக்கோணம் மாறாமல், இரு சரிவுகளையும் சமமாகக் கையால் தீட்டுகிறார். காப்பு இடிப்பதால் வளைந்த உளிக்குக் குறுகிய கல் தேவைப்படுகிறது. இன்னொன்றும் அப்போது தெளிவாயிற்று: தீட்டத் தீட்ட விளிம்பு தேய்ந்து பின்னே போகிறது, காப்போ அதே இடத்தில் நிற்கிறது, அது விளிம்பைவிட மிகவும் முன்னே நீட்டத் தொடங்கினால், விரலுக்குத் தெரியும் இடம் வேறு, வெட்டும் இடம் வேறு என்றாகிவிடும். அந்த நிலையை எட்டிய உளியைத் தீட்டாமல் கழித்துவிட வேண்டும் என்று அட்டையிலேயே எழுதப்பட்டுள்ளது. இத்தனை அறுவைக்கு ஒருமுறை தீட்ட வேண்டும் என்று எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. ஒரே அறுவையில் கெட்டி எலும்பு ஓர் உளியை மழுக்கிவிடலாம் என்பதால், சோதனையே தீர்மானிக்கட்டும் என்று முடிவாயிற்று.

மீயொலி அதிர்வில் எலும்பை வெட்டும் பியஸோ கருவி வாங்குவது பற்றியும் ஆலோசித்தோம். அது மென்திசுவை விட்டு எலும்பை மட்டும் வெட்டும் தன்மையுடையது. ஆனால் எலும்பைப் பரவலாகத் திறக்க வேண்டும், விலை மிக அதிகம், அதன் முனைகளும் தேய்பவையே. அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கில் 2 மி.மீ., 3 மி.மீ. நுண் உளிகள் இரண்டு செட் வாங்கி, ஒன்றை எப்போதும் கிருமிநீக்கிய உறையில் தயாராக வைத்திருப்பது எங்கள் நிலைக்குப் பொருத்தமாகப் பட்டது.

கழித்த இரு உளிகளும் வீசப்படவில்லை. புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்கள் ஆட்டின் தோள்பட்டை எலும்பில் முதலில் கூரான உளியாலும் பிறகு இவற்றாலும் வெட்டிப் பார்க்கிறார்கள். எலும்பு வெடித்துச் சிதறும் விதமும், ஓசையின் வேறுபாடும், விசையைக் கூட்டத் துடிக்கும் தம் கையின் இயல்பும் அவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிடுகின்றன.

ஓராண்டுக்குப் பின்

நோயாளி ஓராண்டு முடிவில் வந்தபோது இடப்புறப் படி கண்ணுக்குத் தெரியவில்லை; விரலுக்கு மட்டும் லேசாகத் தட்டுப்பட்டது. அரத்தால் அதைச் சமன்செய்யும் சிறு அறுவை செலவின்றிச் செய்துதரப்படும் என்று சொல்லப்பட்டது. மூச்சு நன்றாக இருப்பதால் வேண்டாம் என்றும், மனம் மாறினால் வருவதாகவும் அவர் சொன்னார். அது அவருடைய கோப்பில் பதியப்பட்டுள்ளது.

இடைப்பட்ட காலத்தில் கத்தி வைப்பதற்கு முந்தைய சோதனையில் வெள்ளைக் கோடு தெரிந்து உளி மாற்றப்பட்ட நிகழ்வுகளும் அட்டைகளில் பதிவாகியுள்ளன. அவை பெரும்பாலும் பொதி கட்டும்போது தேர்ச்சி பெற்றவையே. லென்ஸில் பார்த்த பிறகும் எடுத்துச் செல்லும் வழியில் விளிம்பு அடிபடுகிறது என்பது இதிலிருந்து தெரிவதால், பொதிக்குள் உளிகளை அசையாமல் பிடிக்கும் தாங்கித் தட்டுக்கு இப்போது கோரிக்கை அனுப்பப்பட்டுள்ளது. கல்லில் தீட்டும் தொழில்நுட்பர் இன்னும் ஈராண்டில் ஓய்வுபெற இருக்கிறார். அவருக்கு அடுத்து அந்த வேலையை ஏற்க, கிருமிநீக்கப் பிரிவிலிருந்து ஒருவர் வாரம் ஒருநாள் அவரிடம் பயிற்சி பெற்றுவருகிறார்.